எட்டேகால் முதல் ஒன்பதரை வரை

பிப்ரவரி 3, 2025. திங்கள்

புது மைக் வந்து மூன்று நாள் ஆகிறது. உருப்படியாக ஒரு பதிவுகூட எடுக்கவில்லை.

பழைய மேடை மைக்கில் பன்னிரண்டு வருடம் கத்தியிருக்கிறேன். வாயை ஒட்டி வைத்துக் கத்தினால்தான் அதற்குக் காது கேட்கும். இது அப்படியில்லை. பிரிட்ஜ் ஓடுவது கேட்கிறது, பக்கத்து வீட்டு மோட்டார் கேட்கிறது, சுவரில் பல்லி கேட்கிறது. ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரி ஒவ்வொன்றும் கேட்கிறது. ஜவுளிக்கடைத் திறப்பு விளம்பரம் ஒன்றைப் பதினோரு தடவை எடுத்தேன். பதினோரு தடவையும் லாரி.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நல்லாருந்த மைக்க மூலைல போட்டுட்டு இது என்னத்துக்கு?" வாசலில் 'உத்திராபதி சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு மாட்டியிருக்கிறவர் கேட்கிற கேள்வி. பதில் சொல்லியிருந்தால் அதையும் இது பதிந்து வைத்திருக்கும்.

எனக்கு நாற்பது ஆகப்போகிறது. சாவுச் செய்தி, ஜவுளிக்கடை, காதுகுத்து, காணாமல் போன மாடு — ஆட்டோவில் கட்டின குழாய் ஸ்பீக்கர் வழியாக அரியலூரைச் சுற்றிப் போவதெல்லாம் என் குரல்தான். சாயங்காலமானால் தொண்டையில் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரிகிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தது. வாய்தான் தேய்ந்துவிட்டது.

சென்னையில் ஒரு கம்பெனி கதைப் புத்தகங்களை ஆள் வைத்து வாசித்துப் பதிந்து வெளியிடுகிறது. மாதிரி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கத்தாமல் பேசிப் பிழைக்க ஒரு வழி கிடைத்தால் போதும். அதற்குத்தான் இந்த மைக்.

பிப்ரவரி 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரம் என்று காலை எட்டேகாலிலிருந்து ஒன்பதரை வரை எங்கள் ரோட்டில் லாரியை விடுவதில்லை. ஒன்றேகால் மணி நேரம். இந்த வீட்டுக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கிற அமைதி அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் சோறு வடிக்க வேண்டும். பிரவீணாவுக்கு டிபன் கட்டி, ப்ளஸ் ஒன் படிக்கிறவளுக்கு இன்னும் நான்தான் சடை பின்னி, ரிப்பனையும் தேடிக் கொடுக்க வேண்டும். அவருக்கு இட்லி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான். லாரிக்காரன் விட்டாலும் அடுப்பு விடுவதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தெரு முனையில் தையல்கடை வைத்திருக்கிற பொன்னம்மாள் அக்கா சுவருக்கு மெத்தை தைத்துக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். ஐந்து மெத்தை. பழைய சாக்கு, பழைய பஞ்சு, மேலே என் நைந்த புடவைகள்.

"மெத்தை தைக்கச் சொன்னா படுக்க ஆள் இருக்கும். செவுத்துக்கு மெத்தை கேட்ட மொத ஆளு நீதான் சுதா" என்றார். மாட்டி முடித்துக் கதவைச் சாத்தினோம். குழாய் ஸ்பீக்கரும் ஒயரும் குப்பையாகக் கிடந்த அறை அது. இப்போது பேசினால் குரல் கீழே விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அக்கா கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பகலெல்லாம் மிஷின் சத்தம், வெளியே லாரி.

"காது அடச்சாப்ல இருக்கு. நல்லாருக்கு. ஒருநாள் வந்து இங்க படுத்துத் தூங்கிட்டுப் போறேன்."

வாங்கக்கா என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மாதிரி அனுப்பியதற்கு இன்று போன் வந்தது. சத்யப்பிரியா என்று ஒரு பெண். மரியாதையான பெண்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மைக் நல்லாருக்கு, ரூமும் நல்லாருக்கு. ஆனா அந்தக் கதையில ஒரு அம்மா மகளுக்குத் தலை வாரி விடுறாங்க. நீங்க வாசிச்சா ஊருக்கே வாரி விடுற மாதிரி இருக்கு."

பிரவீணாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நீ வூட்டுலயும் அப்புடித்தாம்மா. சாப்புட வாடின்னு கூப்புட்டா நாலு தெரு கை கழுவும்."

பிப்ரவரி 18

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்துக்கு ஐந்து மெத்தை மாட்டியாயிற்று. இனி எதைச் சொல்வது?

மார்ச் 4, செவ்வாய்

மைக் மாறினால் எல்லாம் மாற வேண்டும் என்று யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

சாவுச் செய்தி அரைமணி நேரத்தில் கிளம்பியாக வேண்டும். பிணத்தைக் குளிப்பாட்டுவதற்கு முன்னாலேயே ஆட்டோ போய்விடும். அதனால் எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பேசிக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோம். ஊர்ப் பெயர்கள் நூற்றுச் சொச்சம். 'தகப்பனார்', 'தாயார்', 'மாமனார்'. 'காலை பத்து மணியளவில்', 'மாலை நான்கு மணியளவில்'. இறந்தவர் பெயர் மட்டும் புதிதாகப் பேச வேண்டும். அதிலும் பாதிப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எத்தனை ரெங்கம்மாள், எத்தனை பொன்னம்மாள். வீட்டுக்காரர் துண்டுகளைக் கோர்த்துக் கொடுத்தால், டிரைவர் அசோக் பென் டிரைவோடு கிளம்பிவிடுவான்.

புது மைக்கில் பேசிய பெயரைப் பழைய துண்டோடு ஒட்டினால் இரண்டு பொம்பளைகள் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆகவே பன்னிரண்டு வருடத்துத் துண்டுகளையும் திரும்பப் பேசுகிறேன். காலையில் கிடைக்கிற நேரத்தில் ஒரு நாளைக்கு இருபது. திருமானூர். வரதராஜன்பேட்டை. வேப்பந்தட்டை. பிரிட்ஜை அணைத்துவிட்டுப் பேசி, திரும்பப் போட மறந்து, நேற்று இரண்டு பாக்கெட் பால் திரிந்தது.

ஒரு துண்டு மட்டும் வரவில்லை. 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம்.'

பழையது அப்பா செத்த அன்றைக்குப் பேசியது. எட்டு வருடம் ஆயிற்று. செய்தி சொல்ல வேறு ஆளில்லை என்று என்னையே மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். 'வருத்தத்துடன்' என்கிற இடத்தில் குரல் உடைந்து, ஒரு மூச்சு நின்று, அப்புறம்தான் மிச்சம் வரும். திரும்பப் பேசுகிறேன் என்றேன். வீட்டுக்காரர்தான் "வேணாம், இதுவே இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து யார் செத்தாலும் அந்தத் துண்டுதான் போகிறது. எட்டு வருடமாக யார் யார் சாவுக்கோ நான் எங்கப்பாவுக்கு அழுதுகொண்டிருக்கிறேன்.

இன்று முப்பது தடவை பேசிப் பார்த்தேன். முப்பதும் ஜவுளிக்கடை.

மார்ச் 12, புதன்

மானம் போயிற்று.

அரியலூரில் ரெங்கம்மாள் என்று ஒரு அம்மா இறந்துபோனார். திருமானூர் பக்கம் ஒரு கிராமத்தில் அவருக்குச் சொந்தம் அதிகம். அவசரத்தில் இவர் பழைய துண்டுகளோடு, பெயரை மட்டும் நான் புது மைக்கில் பேசியதை எடுத்து ஒட்டிவிட்டார். நானும் தணிவாகப் பேசி வைத்திருந்தேன். ஹெட்போனில் கேட்டால் தேன். குழாயில் போட்டால் ஊர் கேட்கிறது, நேரம் கேட்கிறது, பெயர் கேட்கவில்லை. அசோக் ஊருக்குள் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறான்.

யாரோ செத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. யார் என்று தெரியவில்லை. அந்த ஊரில் நாலு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறவர் இளையபெருமாள் என்கிற பெரியவர். வேறு யாராக இருக்கும் என்று பத்துப் பேர் மாலையோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். "வந்தது வந்துட்டீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாராம். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஊர் எல்லையில் இருக்கிற சாமிக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

அசோக் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இவர் சிரிக்கவில்லை. பெரியவர் மகனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13

"நாளைலேர்ந்து பழைய மைக்கு" என்றார். சரி என்றேன். பழைய குருடி கதவைத் திறடி. மெத்தை மாட்டின அறையில் உட்கார்ந்து கத்துகிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

திருவிழாக் காலம். இன்று மட்டும் ஒன்பது பதிவு. 'பக்தகோடிப் பெருமக்களே' என்று ஆரம்பித்து ஒன்பதாவதில் 'பக்த' வரைதான் வந்தது. வெந்நீர், உப்பு, மிளகு, பனங்கற்கண்டு. ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

புது மைக்கின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். பார்க்கிறபோதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

பெரம்பலூரில் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாக ஒயரை விட்டு டி.வி.யில் காட்டினார். குரல் நாண் இரண்டிலும் காய்ப்பு விழுந்திருக்கிறது. மண்வெட்டி பிடிக்கிறவன் கையில் இருக்குமே, அதேதான்.

"இருபத்தோரு நாள் வாயத் தொறக்கக் கூடாதும்மா. கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது. அதுக்கப்புறமும் கத்துனீங்கன்னா ஆபரேஷன்தான். பண்ணா இதே குரல் வரும்னு சொல்ல முடியாது."

திரும்பி வருகிற பஸ்ஸில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசக்கூடாது, இவருக்கு என்ன? அரியலூர் வருகிற சமயத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நாந்தான கத்து கத்துன்னேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாலும் சத்தம் வரக் கூடாதாம்.

ஏப்ரல் 28

பேசாமலிருந்து நாலு நாள். பிரவீணாவின் ரஃப் நோட்டில் எழுதிக் காட்டுகிறேன். 'உப்பு போடு.' 'மோட்டாரை நிறுத்து.' எழுதிக் காட்டுகிற அளவுக்கு முக்கியமானது ஒரு நாளைக்கு ஏழெட்டுதான் தேறுகிறது. மிச்சமெல்லாம் சும்மா கத்தியிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதால் லாரிக்கும் தடை இல்லை. நாள் முழுக்க ஓடுகிறது.

மே 6, செவ்வாய்

பொன்னம்மாள் அக்கா போய்விட்டார். காலையில் மிஷினில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது.

அவருடைய கொழுந்தன் வந்து செய்தி சொல்ல வேண்டும் என்று நின்றார். இவர் என்னைப் பார்த்தார். நோட்டில் எழுதினேன்: 'எல்லாத் துண்டும் இருக்கு.' இருந்தது. பொன்னம்மாள் என்கிற பெயர் நாலு வருடத்துக்கு முன்னால் வரதராஜன்பேட்டையில் செத்த வேறொரு பொன்னம்மாளுக்குப் பேசியது. எங்கள் தெருப் பெயர் இருந்தது. மாலை நான்கு மணியளவில் இருந்தது. கடைசியில் அப்பாவுக்குப் பேசியதும் இருந்தது. பத்து நிமிடத்தில் கோர்த்துவிட்டார். நான் வாயைக்கூட அசைக்கவில்லை.

சாவு வீட்டில் பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். நான் அக்கா காலடியில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் நாத்தனார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "ஊரெல்லாம் ஆட்டோவுல அழுதுகிட்டுப் போற. நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லி அழ மாட்டேங்கிற."

சரியாக அந்த நேரத்தில் அசோக் ஆட்டோ தெருவில் போகிறது. ஆழ்ந்த வருத்தத்துடன். என் குரல்தான், அழுகிற குரல்தான். ஆனால் அக்காவுக்கு இல்ல. எங்கப்பாவுக்கு. நான் இங்க உக்காந்திருக்கேன் வாயப் பொத்திக்கிட்டு. அந்தம்மாவுக்கு நோட்டுல எழுதியா காட்ட முடியும்? டாக்டர் சொல்லிருக்காருன்னு சாவு வூட்டுல எழுதிக் காட்டுறதா? அக்கா, எனக்கு மெத்த தச்சுக் குடுத்தீங்களே. ஒருநாள் வந்து தூங்குறேன்னீங்களே. நான் வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னதோட சரி. அப்புறம் கூப்புடவே இல்ல.

மே 7

மெத்தை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். மத்தியானம் வரை தூங்கிவிட்டேன்.

மே 16, வெள்ளி

பெரம்பலூர். காய்ப்பு பாதி வற்றியிருக்கிறது. பேசலாம், கத்தக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பிரவீணாவைக் கூப்பிட்டேன். அடுத்த அறையில்தான் இருந்தாள். கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்போதும் கேட்கவில்லை. எழுந்து பக்கத்தில் போனேன். தலை பரட்டையாகக் கிடந்தது. சீப்பை எடுத்து உட்காரச் சொன்னேன். தலை வாரிக்கொண்டே இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசினேன். அவள் காது என் வாயிலிருந்து ஒரு சாண் தூரம்தான். அந்தத் தூரத்துக்கு எவ்வளவு குரல் வேண்டுமோ அவ்வளவுதான் வந்தது.

பாதியில் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இது யாரு கொரலு?"

ஜூன் 4, புதன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எட்டேகாலுக்கு லாரி நின்றது.

இட்லியை இவர் ஊற்றுகிறார். கல்லு மாதிரி இருக்கிறது, யாரும் குறை சொல்லவில்லை. பிரவீணா தானே சடை போட்டுக்கொண்டாள், ஒன்று மேலே ஒன்று கீழே. நான் பிரிட்ஜை அணைத்துவிட்டு அறைக்குள் போய், மைக்கின் மேல் கிடந்த துணியை எடுத்தேன்.

பொன்னம்மாள் அக்காவின் மகன் ராஜராஜன் அன்றைக்குத் திருப்பூரிலிருந்து ஓடிவந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் வந்துவிட்டேன். இன்று அவன் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறதாக நினைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம். ஒரே தடவை. குரல் உடையவில்லை. உடைய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

சாயங்காலம் இவர் அதைக் குழாயில் போட்டுப் பார்த்தார். ரோட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. பழைய மைக்கை எடு என்பார் என்று நினைத்தேன். அவர் ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"நான் கொஞ்சம் சத்தமா வேணா" என்று ஆரம்பித்தேன்.

"சத்தம் வைக்கிறது என் வேல. நீ பேசுனது போதும்."

பன்னிரண்டு வருடம் கழித்து.

ஜூன் 6

பழைய பெட்டி தேறவில்லை. திருச்சி போய் வேறு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாயும் கொண்டுவந்தார். அசோக் தெருக்கோடியில் நின்று கேட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினான்.

இனி நான் பேசப் பேசப் பழைய துண்டுகளை அழித்துவிட வேண்டியதுதான். அதற்கு முன்னால் இவர் ஒன்றை மட்டும் தனிப் பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தார். "மாமாவுக்குப் பேசுனது. இது ஒன்னோடது. இனிமே வெளிய வேணாம்."

பீரோவில் அப்பா போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

தலை வாருகிற பக்கத்தைப் போன வாரம் திரும்ப வாசித்து அனுப்பியிருந்தேன். சத்யப்பிரியா பதிலுக்கு மொத்தப் புத்தகத்தையும் அனுப்பியிருக்கிறாள். 'அக்டோபருக்குள்ள முடிச்சா போதும் மேடம்.' மேலே ஒரு வார்த்தை இல்லை. நல்லாருக்கு என்றுகூட இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தினம் ஒன்றேகால் மணி நேரம். சனி, ஞாயிறு கிடையாது, காலாண்டு லீவு கிடையாது. கணக்குப் போட்டாலே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 1

நாலு பக்கம். மழை. தகரத்தில் சத்தம். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

பெரம்பலூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்படியே இருங்கள் என்றார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கால் வலி. வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. சாவுச் செய்தி. கத்தவில்லை, தணிவாகத்தான் சொன்னது; ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் வந்து சேர்ந்தது. எதிர்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். நானும் வெறுங்காலோடு எழுந்து கேட் வரைக்கும் போனேன். யார் வீட்டிலோ, பாவம்.

திருமானூர் பக்கத்து ஊர். இளையபெருமாள் அவர்கள். பெயர் சுத்தமாகக் கேட்டது. மாலையோடு வந்தவர்களைக் காப்பி குடிக்கச் சொன்ன பெரியவர். நான் பார்த்ததே இல்லை. ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம் என்று அந்தப் பெண் சொன்னபோது, இவளுக்கு அவர் என்ன உறவோ, இப்படிச் சொல்கிறாளே என்று நினைத்தேன்.

ஆட்டோ கேட் பக்கம் வந்ததும் அசோக் வேகத்தைக் குறைத்தான்.

"கொரலு நல்லாக் கேக்குதாக்கா?" என்றான். "நீங்க ஊருல இல்ல, பேரு மொதக்கொண்டு நீங்க பேசி வச்சிருந்த துண்டெல்லாம் அண்ணந்தான் கோத்துக் குடுத்தாரு."

கேட்கிறது என்று தலையாட்டினேன்.